தலைதட்டாத உழக்கு



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவியவர் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமநல நிதியில் ஒரு பகுதியை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். தன் பெயர் அழைப்பிதழில் வரக்கூடாது என்பது அவர் விதித்த முதல் நிபந்தனை. பேச்சு முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டுச் சோறு போட வேண்டும், பேச்சுக்கு வந்தவரா சோற்றுக்கு வந்தவரா என்று யாரையும் கேட்கக்கூடாது என்பது இரண்டாவது. பத்திரத்தின் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார்கள். வட்டி விகிதம் இறங்கிக்கொண்டே போவதால் பேச்சாளருக்குக் கொடுக்கும் தொகையைக் குறைத்துவிட்டோம், சாப்பாட்டில் கைவைக்கவில்லை என்று துறைத்தலைவர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். நான் மகிழ்ச்சியோடுதான் ஒப்புக்கொண்டேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'இடுக்கண் காலத்தில் நம்பிக்கையும் பரிவும்'. நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதற்கு இன்று ஆள் பஞ்சமில்லை. பேருந்து நிலையப் புத்தகக் கடையில் பாதி அலமாரி தன்னம்பிக்கை நூல்கள்தான். அவற்றில் பலவற்றை நானும் வாங்கிப் படித்திருக்கிறேன்; விழுந்தவன் தானாக எழுந்த கதைகள். அவன் எழுகிற வரைக்கும் அவன் வீட்டில் யார் உலை வைத்தார்கள் என்று அந்தப் புத்தகங்கள் சொல்வதில்லை. எனக்கு அந்த உலையைப் பற்றித்தான் பேசத் தெரியும்.

ராமநாதபுரம் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம் எங்களுடையது. வானம் பார்த்த பூமி, கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் கம்பும் மிளகாயும். 1981இல் அப்பா இறந்தபோது எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஆறு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் பேருந்து ஏறிய அன்று வீட்டுக் குதிரில் எவ்வளவு தானியம் இருந்தது என்பது இப்போதும் எனக்குத் தெரியும். குதிருக்குள் இறங்கி வழித்து எடுத்தவன் நான்தான்.

அடுத்த வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். சொந்தமில்லை, முறை வைத்துக் கூப்பிடுவதுதான். அவரிடம் ஒரு பித்தளை உழக்கு இருந்தது. அம்மா என்னைக் கிண்ணத்தோடு அனுப்புவாள். 'பெரியம்மா, ஒரு உழக்கு அரிசி கைமாத்தா கேட்டாங்க.' பெரியம்மா உழக்கை அரிசிப் பானைக்குள் விட்டு எடுக்கும்போது அது கோபுரமாக நிற்கும். வாயைத் தாண்டி எழும்பி, இனி ஒரு மணி வைத்தாலும் சரிந்துவிடும் என்கிற உயரம். அந்தக் கோபுரம் சிந்தாமல் கிண்ணத்தில் கவிழ்ப்பார். பத்து நாள் கழித்து அம்மாவுக்குக் கூலி வந்து நாங்கள் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அதே உழக்கில்தான் வாங்கிக்கொள்வார். ஆனால் இப்போது விளிம்போடு உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு. தலைதட்டி வாங்குவார். மிச்சம் எங்கள் கிண்ணத்திலேயே விழும். 'கணக்கு சரியாப் போச்சு, போ' என்பார்.

கணக்கு சரியாகவில்லை என்பது பத்து வயதுப் பையனுக்கே தெரிந்தது. கொடுக்கும்போது கோபுரம், வாங்கும்போது தலைதட்டல். எடைக்கல்லில் வைத்தால் இரண்டுக்கும் இடையில் ஒரு பிடி அரிசி இருக்கும். ஆனால் அது கடன்தான், தானமில்லை. அம்மா தலைகுனிய வேண்டியதில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தவள் என்ற நிமிர்வோடு மறுபடியும் என்னைக் கிண்ணத்தோடு அனுப்பலாம். பெரியம்மா கொடுத்தது அந்த ஒரு பிடி அரிசி மட்டுமில்லை, அடுத்த முறையும் வந்து கேட்கலாம் என்ற உரிமை. நம்பிக்கை என்ற சொல்லுக்கு அகராதியில் வேறு பொருள் இருக்கலாம். எனக்கு அது அந்தக் கிண்ணத்தை மறுபடி எடுத்துக்கொண்டு போவதற்கு வெட்கப்படாமல் இருந்தது.

பிற்காலத்தில் தமிழ் படிக்கப் போனபோது புறநானூற்றில் இந்த உழக்கை மறுபடி பார்த்தேன். பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர். வறுமையை அவரைப்போலப் பாடியவர் சங்கத்தில் குறைவு. வீட்டில் மூத்துத் தளர்ந்த தாய். குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கும் மனைவி. வெறும் கலத்தைத் திறந்து பார்த்து அழும் பிள்ளை. அந்தப் பிள்ளையிடம் தாய் புலி வருகிறது என்று பயம் காட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள். வேறு எதைக் காட்டுவாள்? பிறகு குமணன் என்ற முதிரமலைத் தலைவன் பொருள் கொடுக்கிறான். வீடு திரும்பிய புலவர் மனைவியிடம் பேசுவதாக அமைந்தது 163ஆம் பாட்டு. இதை யார் யாருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று அவர் ஒரு பட்டியல் போடுகிறார். உன்னை விரும்புகிறவர்கள், நீ விரும்புகிறவர்கள், உன் உறவில் மூத்தவர்கள் என்று வரும் வரிசையில், நம் குடும்பம் பசித்துக் கிடந்தபோது 'குறியெதிர்ப்பை' தந்தவர்களும் வருகிறார்கள்.

குறியெதிர்ப்பை என்றால் அளவு குறித்து வாங்கி அதே அளவு திருப்பிக் கொடுப்பது. நம் கைமாத்துதான். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பாட்டில் இப்படி ஒரு சொல் இருக்கிறதென்றால், அதற்கு முன்பே அளந்து கொடுத்த ஒரு பெரியம்மா இருந்திருக்கிறாள் என்றுதானே பொருள். அதோடு புலவர் நிற்கவில்லை. இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னிடமும் கேட்காதே, வைத்துக்கொண்டு நன்றாக வாழ்வோம் என்று நினைக்காதே, எல்லோருக்கும் கொடு என்று முடிக்கிறார். வகுப்பில் இதைப் புலவரின் கொடைமனம் என்று நடத்துவோம். நானும் அப்படித்தான் பல ஆண்டு நடத்தினேன். இப்போது வேறு மாதிரிப் படுகிறது. நேற்றுவரை பட்டினி கிடந்த வீடு, நாளையும் கிடக்கலாம். இன்று தெருவுக்கெல்லாம் அளந்து கொடுத்தால் நாளைக்குத் தெரு அளந்து கொடுக்கும். இது கொடையும்தான், கெட்டிக்காரத்தனமும்தான். ஏழைகளின் தெருவில் இந்த இரண்டையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அளவு என்று சொன்னேன். அளவின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும்.

1876இல் இரண்டு பருவமழையும் பொய்த்தன. சென்னை மாகாணம் முழுவதும், குறிப்பாக பெல்லாரி, கடப்பை, கர்நூல், சேலம், கோயம்புத்தூர், மதுரைப் பக்கங்களில் நிலம் வெடித்தது. அது தாது வருடம். இன்றைக்கும் கிராமத்தில் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறவனைப் பார்த்து 'தாது வருசத்துல பொறந்தவனா' என்று கிழவிகள் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் இந்தியா முழுவதும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1877 ஜனவரி 1ஆம் நாள் டில்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து வைசிராய் லிட்டன் தர்பார் நடத்திக்கொண்டிருந்தபோது தெற்கே ஆட்கள் சாலையோரம் விழுந்துகொண்டிருந்தார்கள்.

செலவு மிஞ்சிப் போகிறது என்று லிட்டன் ஒருவரைச் சென்னைக்கு அனுப்பினார். பெயர் ரிச்சர்டு டெம்பிள். நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைச் செலவுக்குக் கொஞ்சம் காசும் போதும் என்று அவர் அளவு வகுத்தார். ஒரு பவுண்டு என்றால் நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். உடம்பில் வலுவிருப்பவர்கள் சொந்த ஊரிலிருந்து பத்து மைலாவது தள்ளியிருக்கும் வேலைக்குத்தான் போக வேண்டும் என்ற விதியும் இருந்தது. நிஜமாகவே பசித்தவன் நடந்து வருவான், மற்றவன் வரமாட்டான் என்பது அதன் தர்க்கம். பசித்தவன் பத்து மைல் நடக்க மாட்டான், விழுந்துவிடுவான் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் என்ற மருத்துவர் இதைக் கடுமையாக எதிர்த்தார். வேலை செய்கிற உடம்புக்கு என்ன தேவை என்று கணக்குக் காட்டி, பருப்பு இல்லாத கூலி ஆளை மெல்லக் கொல்லும் என்று எழுதினார். 1877 மார்ச்சில் சென்னை அரசு அவர் கேட்டதில் பாதி தூரம் இறங்கி வந்து, தானியத்தைக் கூட்டிக் கொஞ்சம் பருப்பையும் சேர்த்தது. ஆணையர் கார்னிஷ் தர்ம பிரபு இல்லை, அரசு ஊழியர். அவர் செய்தது குறிப்பெழுதுவது. ஆனால் அந்தக் குறிப்பினால் எத்தனையோ இலையில் பருப்பு விழுந்தது. பரிவு என்பது கண்ணீரோடுதான் வரவேண்டும் என்றில்லை, கோப்பில் ஓர் எதிர்க்குறிப்பாகவும் வரும். அரசு வேலைக்குப் போகப்போகிற மாணவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

டெம்பிளைக் கொடுங்கோலன் என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அவர் கதையில் ஒரு முடிச்சு இருக்கிறது. மூன்றாண்டுக்கு முன் 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள்தான் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியை இறக்கினார். பஞ்சச் சாவு ஏறக்குறைய இல்லாமலே அந்தப் பஞ்சம் கடந்து போனது. அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டில்லை, ஏச்சு. அரசுப் பணத்தை வாரி இறைத்தார் என்று இங்கிலாந்தில் பத்திரிகைகள் கேலி செய்தன. சென்னைக்கு வந்தபோது தன்மேல் விழுந்த அந்தக் கறையைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவருக்கு முதல் கவலையாக இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஒருமுறை கோபுரமாக அளந்தவன், ஊர் சிரித்தது என்பதற்காக அடுத்தமுறை தலைதட்டி அளந்தான். இரக்கப்பட்டவனைப் பார்த்துச் சிரிக்கிறபோது நாம் எதைச் செய்கிறோம் என்று யோசித்துக்கொள்ள வேண்டும். இலவசம் என்று இன்று நாம் உதட்டைப் பிதுக்கும்போதும்.

அந்தப் பஞ்சத்தின் தடயம் சென்னையில் இன்னும் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது கொஞ்சம் மிகை, தேங்கி நிற்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். பறக்கும் ரயிலில் திருவான்மியூர்ப் பக்கம் போகிறவர்கள் கீழே தெரியும் கறுத்த நீரைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். கூலிக்கு மண் வெட்டியவர்கள் அந்தக் கரையில்தான் நின்றிருந்தார்கள்.

அரசின் அளவுக்கு வெளியே சிலர் தம் அளவில் அளந்துகொண்டிருந்தார்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்ற வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று நாம் பாடம் நடத்தும் அதே பிள்ளை, கஞ்சித் தொட்டி வைத்துத் தன் பொருளைச் செலவழித்தார். அதைக் கண்டு நெகிழ்ந்து கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். கிறிஸ்தவரைச் சிவபக்தர் பாடியது. அன்றைக்கு அது ஒரு விஷயமாகவே யாருக்கும் படவில்லை போலிருக்கிறது. மதுரையில் குஞ்சரத்தம்மாள் கதையைச் சொல்வார்கள். தாசி குலத்தில் பிறந்து செல்வத்தோடு வாழ்ந்த பெண்மணி, தாது வருடத்தில் வீட்டு வாசலில் தினமும் கஞ்சி ஊற்றி, நகை, வெள்ளி, வீடு என்று ஒவ்வொன்றாக விற்று, கடைசியில் ஒன்றுமில்லாமல் செத்துப் போனார் என்று. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலில் அவர் வருகிறார். ஊர் எந்தப் பெண்ணைத் தள்ளி வைத்திருந்ததோ அவள் வாசலில்தான் ஊர் திருவோட்டோடு நின்றது.

இந்தப் பஞ்சத்துக்குப் பத்தாண்டு முன்னால் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் இராமலிங்க அடிகள் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. அதைப் பார்க்க நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஆராய்ச்சி மாணவனாக, குறிப்பேட்டோடு. இரண்டாம் முறை பசியோடு. பேருந்து தவறி, கையில் காசு குறைந்து, வேறு வழியில்லாமல். இரண்டாம் முறைதான் எனக்கு அந்த இடம் புரிந்தது. உட்காரச் சொன்னார்கள், போட்டார்கள், இன்னும் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்கள். எந்த ஊர், என்ன விஷயமாக வந்தீர்கள் என்றுகூட இல்லை. எனக்கோ என் படிப்பையும் வேலையையும் சொல்லி, நான் வழக்கமாக இப்படிச் சாப்பிடுகிறவன் இல்லை என்று விளக்கிவிட வேண்டும்போல் வாய் துறுதுறுத்தது. கேட்பார் இல்லாததால் சாம்பாரோடு விழுங்கிவிட்டேன்.

'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்று அடிகள் எழுதிய உரைநடை நூல் இருக்கிறது. அதில் பசி வந்தவன் உடம்பில் என்னென்ன ஆகிறது என்று ஒரு மருத்துவக் குறிப்பைப்போல வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். கண் பஞ்சடைவதிலிருந்து நெஞ்சு பதறுவது வரை, அறிவு மங்குவதிலிருந்து கடவுள் நினைப்பு மறப்பது வரை. சொர்க்கத்தைப் பற்றிப் பேச வந்த துறவி வயிற்றைப் பற்றி இவ்வளவு நுட்பமாக எழுதியிருப்பதை முதலில் படித்தபோது ஆச்சரியப்பட்டேன். ஆனால் அந்தச் சாலையில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது எழுத்தில்லை, நெருப்பு. ஒரு நாள் அன்னதானம் யாரும் செய்யலாம். பிறந்தநாளுக்குச் செய்கிறோம், தலைவர் வந்தால் செய்கிறோம். சாப்பிட்டு எழுந்தவனுக்கு அடுத்த வேளை எங்கே என்று தெரியாது. அடுப்பு அணையாது என்றால் அவன் நாளைக்கும் வரலாம். அடிகள் 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கு இரண்டாண்டு கழித்துத்தான் தாது வருடம் வந்தது. மூட்டியவர் இல்லாமல் அந்த அடுப்பு அந்த நாட்களைக் கடந்திருக்கிறது. விறகு சுமந்தவர்களும் கஞ்சி கிண்டியவர்களும் யாரென்று நமக்குத் தெரியாது.

இப்போது என் தாயாரின் அடுப்புக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே இங்கே வருவதற்குத்தான்.

தமிழ்நாட்டில் பள்ளிச் சாப்பாட்டுக்கு நீண்ட கதை உண்டு. 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சியின் ஆயிரம்விளக்குப் பள்ளி, பிறகு 1956இல் காமராஜர், 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு அந்தக் கதை 1982இல் ஓர் உத்தரவாக வந்தது. சத்துணவு மையங்களுக்கு ஆள் எடுத்தபோது கணவனை இழந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். அம்மா சமையல் உதவியாளரானாள். ஊருக்கு அவள் 'சத்துணவு ஆயா'. எனக்கும் அப்படித்தான், பள்ளியில் அவளை அம்மா என்று கூப்பிடக்கூடாது என்று சொல்லியிருந்தாள். நான் தட்டை நீட்டும்போது கரண்டி மற்றவர்களுக்குப் போட்டதைவிட ஒரு மணி கூட இருக்காது. அதற்கு நான் பட்ட கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சாம்பாரில் பருப்பு அடியில்தான் கிடக்கும். சில பிள்ளைகளுக்கு அவள் கரண்டியை அடிவரைக்கும் விட்டு எடுப்பாள், எனக்கு மேலாக. யார் வீட்டில் ராத்திரி அடுப்பெரியவில்லை என்பது பாத்திரத்துக்குள் அவள் கை இறங்கும் ஆழத்தில் தெரியும்.

2002இல் நாடு முழுக்கத் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எங்கள் ஊரில் அதற்கு முன்பும் பின்பும் சரியான மழையில்லை. அப்போது எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. தேர்வு விடுமுறையில் ஊருக்கு வந்தவன் ஒருநாள் மையத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை. அம்மா உலையில் அரிசி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகைப் பதிவேட்டில் இருந்த எண்ணிக்கை எனக்குத் தெரியும், தலைக்கு இவ்வளவு என்ற அளவும் தெரியும். அவள் அதற்கு மேல் இரண்டு படியாவது போட்டாள்.

'என்னம்மா, கணக்கு இடிக்குதே?'

'இன்னிக்கு திங்கக்கெழமைல' என்றாள். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

எனக்குப் புரியவில்லை. மணியடித்ததும் பிள்ளைகள் வந்தார்கள். மற்ற நாளில் அரட்டையடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்கள் அன்று சத்தமில்லாமல் நின்றார்கள். ஒரு பையன், மூன்றாம் வகுப்பு இருக்கும், தட்டை வாங்கியதும் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பிறகு உட்கார்ந்தான். முடித்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றான். அம்மா அவனைப் பார்க்காத மாதிரியே போட்டாள். மூன்றாம் முறையும் வந்தான். அப்போதும் பார்க்கவில்லை. அவன் வாசலைத் தாண்டிய பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: 'வெள்ளிக்கெழம மத்தியானம் இங்க தின்னுட்டுப் போன புள்ள. நடுவுல ரெண்டு நாளு என்ன தின்னுச்சோ.'

சத்துணவுக்காரர்களுக்குத் திங்கட்கிழமைப் பசி என்று ஒன்று தெரியும். எந்த அறிக்கையிலும் நான் அந்தச் சொல்லைப் பார்த்ததில்லை. வார விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் நன்றாகச் சாப்பிடுவார்கள் என்பது பதிவேட்டைத் தயாரித்தவர்களின் நம்பிக்கை. வெள்ளிக்கிழமைகளில் யாராவது வராமல் போனால் அவர்கள் பங்கைச் சாக்கிலேயே விட்டுவைத்துத் திங்கட்கிழமை உலையில் சேர்ப்பது அம்மாவும் அவளோடு வேலை செய்த சமையலரும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அமைப்பாளருக்குத் தெரியுமா என்று கேட்டேன். 'அவருக்குத் தெரியாதுன்னு அவரு நெனச்சுக்கிட்டு இருக்காரு' என்றாள். இதைவிட நல்ல வாக்கியத்தை என் ஆசிரிய வாழ்க்கையில் நான் எழுதியதில்லை.

அன்று நான் அவளோடு சண்டை போட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதிவேட்டில் ஒன்று, உலையில் ஒன்று என்றால் தணிக்கைக்கு வருகிறவன் திருட்டு என்று எழுதிவிட்டுப் போவான், ஓய்வுபெற இரண்டு மூன்று வருடம் இருக்கும்போது இது தேவையா என்றேன். படித்தவன் பேசுகிற மாதிரிப் பேசினேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். 'அந்தப் பெரியம்மா தலதட்டிக் குடுத்திருந்தா நீ இன்னிக்கு எங்கிட்ட கணக்குக் கேக்க வந்திருப்பியா?' என்று மட்டும் கேட்டாள். அந்த உழக்கின் ரகசியம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தணிக்கைக்காரர் ஒருமுறை வந்தார். என்ன பார்த்தார், என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டுப் போனார் என்று அம்மா சொன்னாள்.

கொடுக்கிறவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மணிமேகலையில் ஆபுத்திரன் கதை எனக்கு எப்போதும் ஒரு தொந்தரவு. மதுரையில் சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைக் கொடுக்கிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். அவன் ஊருக்கெல்லாம் சோறு போடுகிறான். இந்திரனுக்குப் பொறுக்கவில்லை. அவன் பாத்திரத்தைப் பிடுங்கவில்லை, மழையைப் பெய்வித்தான். பாண்டிநாடு செழித்தது, பசித்தவன் என்று ஒருவனும் வரவில்லை. ஆபுத்திரன் தெருத்தெருவாகப் போய்ப் 'பசிக்கிறதா' என்று கேட்டுப் பார்க்கிறான், சனங்கள் சிரிக்கிறார்கள். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவில் தனக்கு மட்டும் சோறு தரும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வாழ அவனுக்கு மனமில்லை. அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுத் தானும் உண்ணாமல் உயிர் விடுகிறான்.

இதைத் தியாகம் என்று உரை சொல்வார்கள். எனக்கோ ஊர் செழித்தபோது அவன் ஏன் சந்தோஷப்படவில்லை என்று தோன்றும். நாம் போடுகிற சோற்றுக்கு ஆள் வர வேண்டும் என்பதற்காக எங்கோ பசி இருக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால் அது என்ன இரக்கம்? மணிமேகலையை இயற்றிய சாத்தனார் இதை அறிந்தே எழுதினாரோ என்னவோ. என் தாயார் வேறு மாதிரி. ஒரு திங்கட்கிழமை உலையில் போட்டது மிஞ்சிப் போனால் அன்று வீட்டுக்கு வந்து உற்சாகமாக இருப்பாள். 'இன்னிக்கு ஒருத்தனும் ரெண்டாந்தரம் வரல' என்பாள். மிஞ்சிய சோறு வீணாயிற்றே என்று நான் சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பாள்.

2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி தொடங்கியபோது அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டியிருந்தது. தொலைக்காட்சியில் பிள்ளைகள் உப்புமா சாப்பிடுவதைக் காட்டினார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'திங்கக்கெழம கொஞ்சம் கூடப் போடச் சொல்லணும்' என்றாள். யாரிடம் சொல்வது என்று கேட்டேன். 'கரண்டி பிடிக்கிறவகிட்ட சொல்லு. மேல சொன்னா கணக்குக் கேப்பான்' என்றாள்.

பேச்சுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து ஐந்து நிமிடம் ஆகிறது. பின்வரிசையில் சிலர் சுவர்க்கடிகாரத்தையும் பக்கத்துக் கூடத்துக் கதவையும் மாறி மாறிப் பார்ப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. ரசத்தின் வாசனை மேடை வரைக்கும் வந்துவிட்டது. கேள்வி நேரம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதை இலையில் உட்கார்ந்து வைத்துக்கொள்ளலாம் என்று அவைத்தலைவரிடம் அனுமதி கேட்டுக்கொள்கிறேன். மேடையில் இருக்கும் நாங்கள் இரண்டாம் பந்தியில் உட்காருகிறோம். பின்வரிசைக்காரர்கள் முதலில் எழுந்திருங்கள். இன்று திங்கட்கிழமை.